படத்தின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது? ஆவணப் புகைப்படம் பற்றி ஒரு அறிமுகம்

பழைய குடும்பப் படம் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் முகங்களைப் பார்ப்போம். அடுத்த நொடியே படத்தைத் திருப்பிப் பார்ப்போம். பின்பக்கம் யாராவது பேனாவில் ஏதாவது எழுதி வைத்திருந்தால் ஒரு நிம்மதி. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு படம் இருக்கிறது. ஓட்டு வீடு, திண்ணை, திண்ணையில் நாலு பேர். எந்த ஊர், யார் வீடு, எந்த வருஷம், பின்னால் ஒரு எழுத்து இல்லை. சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். படம் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது. இருந்து என்ன, எங்களுக்கு அது ஊமைப் படம்.

ஒரு படத்தை ஊமையாக விடாமல் எடுத்து வைப்பதற்குத்தான் ஆவணப் புகைப்படம் என்று பெயர். ஒரு கட்டடத்தையோ சடங்கையோ தெருவையோ, அதைப் பார்த்தே இராத ஒருவர் பிற்காலத்தில் நம்பிப் பயன்படுத்தும்படி படம் எடுக்க வேண்டும். என்ன, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று அதோடு எழுதி வைக்க வேண்டும். மங்கிப் போகாத விதத்தில் அச்சிட்டு, பொது இடம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் படம்தான். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ள ஒரு ஆளைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துக்காரர், கண்ணாடித் தொழிலதிபர், நாடாளுமன்ற உறுப்பினர், தீராத கேமரா பைத்தியம். பெயர் சர் பெஞ்சமின் ஸ்டோன்.

ஸ்டோன் 1838ல் பர்மிங்காமை ஒட்டிய ஆஸ்டனில் பிறந்தார். அப்பா கண்ணாடி உற்பத்தியாளர், மகனும் அதே தொழிலுக்கு வந்து நன்றாகச் சம்பாதித்தார். 1886ல் பக்கத்து ஊரான சட்டன் கோல்ட்ஃபீல்டுக்கு முதல் மேயர். 1892ல் சர் பட்டம். 1895ல் கிழக்கு பர்மிங்காம் தொகுதியிலிருந்து கன்சர்வேடிவ் கட்சி சார்பில் நாடாளுமன்றம் போனவர், 1910 வரை அங்கேயே இருந்தார். அமைச்சர் பதவி எதுவும் கிடையாது. அரசியல் வரலாற்றில் அவரைத் தேடினால் ஒரு அடிக்குறிப்பு தேறலாம், அவ்வளவுதான். புகைப்பட வரலாற்றில் அப்படி இல்லை. அவர் விட்டுப்போன படங்களில் ஏறத்தாழ 22,000 இன்று பர்மிங்காம் நூலகத்தில் இருக்கின்றன.

தொடக்கத்தில் அவர் படம் எடுப்பவராக இல்லை, வாங்குபவராகத்தான் இருந்தார். பணமும் பயண ஆசையும் உள்ள ஆள். போகிற ஊர்களில் எல்லாம் கடையில் விற்கும் படங்களை வாங்கி ஆல்பம் போடுவார். ஆனால் கடைப்படங்கள் சுற்றுலாப் பயணிகளுக்காக எடுத்தவை. தனக்கு வேண்டிய கதவும் கல்லறையும் கடைக்காரரிடம் இருக்காது. சரி, நாமே எடுத்துவிடுவோம் என்று கேமராவைக் கையில் எடுத்தார். அப்புறம் அதைக் கீழே வைக்கவே இல்லை. 1893ல் முழுச் சூரிய கிரகணம் பார்க்கப் பிரேசில் போன குழுவோடும் கேமராவும் கையுமாகத்தான் போனார்.

## ஏன் அந்தக் காலத்தில், ஏன் தேவாலயங்களை?

பழைய கட்டடங்கள் எல்லாக் காலத்திலும் இடிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேகம் வேறு. ரயில் பாதை வருகிறது, தெருவை அகலப்படுத்துகிறார்கள், ஆலைகள் எழுகின்றன. ஒரு தலைமுறைக்குள் ஊரின் முகமே மாறிவிடுகிறது. அதோடு இன்னொரு ஆபத்தும் இருந்தது. அது அன்பு வேடத்தில் வந்த ஆபத்து. அதன் பெயர் திருப்பணி.

இடைக்காலத்துத் தேவாலயங்களைப் ‘பழைய நிலைக்கே’ கொண்டுவருகிறோம் என்று சொல்லி, சுவரின் பழைய பூச்சைச் சுரண்டுவார்கள். பிற்காலத்தில் சேர்ந்த பலகைத் தடுப்புகளையும் இருக்கைகளையும் தூக்கி எறிவார்கள். ஜன்னல்களை மாற்றி, கட்டடத்தை எந்த நூற்றாண்டிலும் இல்லாத ஒரு கச்சிதமான வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். 1840க்கும் 1875க்கும் இடையில் இப்படிக் கைவைக்கப்பட்ட தேவாலயங்கள் ஏறத்தாழ 7,000. நம்மூரில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்த கோயில் தூண்களைப் பார்த்து வயிறு எரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் போன்றவர்கள் இதை எதிர்த்து 1877ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். சுரண்டலுக்கு எதிரான சங்கம் என்றே அதற்குச் செல்லப்பெயர்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். 1882ல் ஒன்று வந்தது. பண்டைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம். அதன் பட்டியலில் முதலில் இருந்தவை 68 இடங்கள், பெரும்பாலும் வரலாற்றுக்கு முற்பட்ட கல்வட்டங்களும் ஈமக்குழிகளும். மக்கள் குடியிருக்கும் வீடுகளும் வழிபாடு நடக்கும் தேவாலயங்களும் அதில் அடங்கவில்லை. அதாவது, எவை மிக வேகமாக மாறிக்கொண்டிருந்தனவோ அவற்றுக்குச் சட்டத்தின் துணை கிடையாது. கட்டடத்தைக் காப்பாற்ற முடியாவிட்டால் அதன் சாயலையாவது காப்பாற்றுவோம் என்ற யோசனை இந்த இடைவெளியில்தான் வேர் பிடித்தது.

யோசனை ஸ்டோனுடையது மட்டும் இல்லை. பிரான்ஸ் அரசு 1851லேயே ஐந்து புகைப்படக்காரர்களை நாலு திசைக்கும் அனுப்பி, பழுதுபார்க்க வேண்டிய சின்னங்களைப் படம் எடுத்துவரச் சொன்னது. லண்டனில் ‘ஆக்ஸ்ஃபோர்ட் ஆர்ம்ஸ்’ என்ற பழைய சத்திரத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 1875ல் சில நண்பர்கள் சேர்ந்து அதைப் படம் எடுக்க வைத்தார்கள். அங்கே தொடங்கிய சங்கம் 1886க்குள் பழைய லண்டனின் 120 படங்களை வெளியிட்டுவிட்டுத்தான் ஓய்ந்தது. ஆனால் இவை தொழில்முறைப் புகைப்படக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி எடுத்தவை. ஊருக்கு ஊர் இருக்கும் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களை இதில் இறக்கினால் என்ன? இந்தக் கேள்வி எழ, இடையில் ஒரு தொழில்நுட்ப மாற்றம் நடக்க வேண்டியிருந்தது.

## கண்ணாடித் தகடும் கறுப்புத் துணியும்

1851ல் வந்த ஈரத்தகடு முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். எல்லாம் பத்து, பதினைந்து நிமிஷத்துக்குள். கிராமத்துத் தேவாலயம் ஒன்றைப் படம் எடுக்க வேண்டும் என்றால் இருட்டறையையே கூடாரமாகக் கட்டி வண்டியில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இதைப் பொழுதுபோக்காகச் செய்ய எத்தனை பேர் முன்வருவார்கள்?

1871ல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற மருத்துவர் ஜெலட்டினில் மருந்தைக் கலந்து உலர்தகடு செய்யும் வழியை வெளியிட்டார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலர்தகடுகள் கடையில் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்துவிட்டன. வாங்கி வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது எடுக்கலாம், வீட்டுக்கு வந்து நிதானமாகக் கழுவலாம். சைக்கிளும் ரயிலும் இருந்தன. வார இறுதியில் முக்காலியைக் கட்டிக்கொண்டு கிளம்பும் வங்கி எழுத்தர், ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், பாதிரியார் என்று ஒரு படையே உருவானது. ஊருக்கு ஊர் புகைப்படச் சங்கம் முளைத்தது.

ஆனாலும் தேவாலயத்தின் உள்ளே படம் எடுப்பது லேசான வேலை இல்லை. தடித்த கல்சுவர், ஒடுங்கிய வண்ணக் கண்ணாடி ஜன்னல். ஃபிளாஷ் விளக்கு என்று நாம் சொல்லும் பொருள் அப்போது இல்லை, மக்னீசியப் பொடியைக் கொளுத்தினால் வெளிச்சத்தைவிடப் புகை அதிகம். எனவே ஜன்னல் வெளிச்சத்தையே நம்பி, லென்ஸ் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். மேகமூட்டமான நாளில் இருண்ட மூலை என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவ்வளவு நேரம் லென்ஸ் திறந்திருக்கும்போது யாராவது குறுக்கே நடந்து போனால் அவர் படத்தில் விழவே மாட்டார். அசையாதது மட்டும்தான் பதியும். அந்தப் படங்களில் தேவாலயங்கள் எல்லாம் ஆளற்றுக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே ஆள் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொரு தொல்லை, ஜன்னல். சுற்றிலும் இருட்டு, நடுவில் ஜன்னல் மட்டும் பிரகாசம். அந்த வெளிச்சம் கண்ணாடித் தகட்டின் பின்பக்கம் வரை போய்த் திரும்பி வந்து, ஜன்னலைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுவிடும். புனிதர்களுக்கு வரையும் ஒளிவட்டம் மாதிரி இருக்கும், ஆனால் ஜன்னலின் கல்வேலைப்பாடு ஒன்றும் தெரியாது. அதற்காகத் தகட்டின் முதுகில் கருஞ்சாந்து பூசுவார்கள். கோபுரத்தை எடுப்பது வேறு வம்பு. கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போலத் தெரியும். இன்று நம் ஃபோனில் கோயில் கோபுரத்தை எடுத்தாலும் அதே கதிதான். அந்தக் காலத்துப் பெரிய கேமராவில் லென்ஸ் பொருத்திய பலகையை மட்டும் மேலே நகர்த்தலாம். கேமரா நேராகவே நிற்கும், கோபுரமும் நேராகவே நிற்கும். ஆவணப் படத்துக்கு இது முக்கியம். சாய்ந்த படத்திலிருந்து அளவு எடுக்க முடியாது அல்லவா?

கடைசியாக அச்சு. அன்று பரவலாக இருந்தது முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதம். முதலில் அழகாக இருக்கும், போகப்போக மஞ்சள் பூத்து மங்கிவிடும். ஸ்டோனும் அவருடைய கூட்டாளிகளும் பிளாட்டினம் அச்சை விரும்பினார்கள். வில்லியம் வில்லிஸ் 1873ல் காப்புரிமை பெற்ற முறை அது. வெள்ளிக்குப் பதில் பிளாட்டினம் காகிதத்தின் இழைக்குள்ளேயே இறங்கிப் பதியும். பிளாட்டினம் காற்றோடும் கந்தகத்தோடும் லேசில் சேராத உலோகம், அதனால் மங்காது. செலவு அதிகம்தான். 125 வருஷம் கழித்தும் அந்தச் சாம்பல் நிறம் அப்படியே இருப்பதைப் பார்க்கும்போது, கொடுத்த காசு வீண்போகவில்லை என்று தோன்றுகிறது.

## சதுரம் சதுரமாக ஒரு மாவட்டம்

1889ல் பர்மிங்காம் புகைப்படச் சங்கத்தில் ஜெரோம் ஹாரிசன் என்ற அறிவியல் ஆசிரியர் ஒரு கட்டுரை படித்தார். அவர் நிலவியல் ஆள். நிலத்தை அளந்து வரைபடம் போடுகிறோமே, அதே ஒழுங்கோடு ஒரு மாவட்டத்தை ஏன் படம் எடுக்கக்கூடாது என்று கேட்டார். வார்விக்‌ஷயர் மாவட்டத்தின் வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் உறுப்பினர்களுக்கு ஒதுக்குவது. அவரவர் சதுரத்தில் உள்ள தேவாலயம், மாளிகை, பாலம், மரம், குடிசை எல்லாவற்றையும் எடுத்து, குறிப்பெழுதிப் பொது நூலகத்தில் சேர்ப்பது. 1890ல் வேலை தொடங்கியது. இதைத்தான் புகைப்பட சர்வே என்கிறோம். கிராம நிர்வாக அலுவலரின் புலப்படத்தையும் அடங்கலையும் பார்த்திருந்தால் இந்த மனநிலை சட்டென்று பிடிபடும். விட்டுப்போனது எது என்று தெரியும்படி வேலை செய்வதுதான் இதன் சாரம். பிடித்ததை மட்டும் எடுப்பவருக்கு, தான் எதை எடுக்கவில்லை என்பது தெரியவே தெரியாது.

ஸ்டோன் இதில் முன்னணியில் நின்றார். ஒரு மாவட்டத்தில் நடப்பதை நாடு முழுக்கச் செய்யலாம் என்று 1897ல் தேசியப் புகைப்படப் பதிவுச் சங்கத்தைத் தொடங்கினார். படங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் பிரிட்டிஷ் மியூசியம். மங்காத அச்சாக இருக்க வேண்டும், அட்டையில் ஒட்டியிருக்க வேண்டும், இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதியிருக்க வேண்டும். இதுதான் எதிர்பார்ப்பு. கட்டடங்களை மட்டும் காட்டினால் போதாது, அன்றாட வாழ்க்கையையும் வழக்கங்களையும் பின்வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது ஸ்டோனின் கொள்கை. வரலாற்றைப் பதிவுசெய்யக் கேமராவைவிடச் சிறந்த கருவி இல்லை என்று அவர் உறுதியாக நம்பினார்.

1910ல் சங்கம் கலைக்கப்பட்டபோது மியூசியத்தில் சேர்ந்திருந்தவை சில ஆயிரம் படங்கள், ஒரு நாட்டுக்கு அது சொற்பம்தான். உள்ளூர்ச் சங்கங்கள் தங்கள் படங்களைத் தங்கள் ஊர் நூலகத்தில் வைக்கவே விரும்பின. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. தன் ஊர்த் தேவாலயத்தின் படத்தைப் பார்க்க லண்டனுக்கா போக வேண்டும்? மியூசியத்துக்குப் போன படங்கள் பின்னாளில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்குக் கைமாறின.

நாடாளுமன்றத்துக்குள்ளும் ஸ்டோன் சும்மா இருக்கவில்லை. தேம்ஸ் நதியை ஒட்டிய மொட்டை மாடி முற்றத்தில் சக உறுப்பினர்களையும் விருந்தினர்களையும் நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தார். கட்டடத்தையும் விடவில்லை. அவர் அங்கே அவ்வளவு அக்கறை காட்டியதற்குப் பொருத்தமான பின்னணி ஒன்று உண்டு. 1834 அக்டோபரில் பழைய நாடாளுமன்றம் எரிந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபமும் வேறு சில பகுதிகளும்தான் தப்பின. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ல். ஐந்தே வருஷ வித்தியாசத்தில், எரிந்துபோன அந்தக் கட்டடத்துக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. ஓவியங்கள் உண்டு. டர்னர் அந்த நெருப்பை அற்புதமாக வரைந்திருக்கிறார். ஆனால் எரிவதற்கு முந்தைய நாள் எந்தக் கதவு எங்கே இருந்தது என்று டர்னரிடம் கேட்க முடியாது.

பக்கத்தில் இருந்த வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தை ஸ்டோன் மூலை மூலையாக எடுத்தார். 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டப்பட்டபோது அங்கே அதிகாரபூர்வப் புகைப்படக்காரரும் அவரே. அப்போது அவருக்கு 73 வயது.

## அழகுப் படமும் ஆவணப் படமும்

அதே காலத்தில், அதே பிளாட்டினம் அச்சில், அதே தேவாலயங்களை எடுத்தவர் ஃபிரெடரிக் எவன்ஸ். முன்பு புத்தகக் கடை நடத்தியவர். வெல்ஸ் பேராலயத்தில் 1903ல் அவர் எடுத்த படிக்கட்டுப் படம் உலகப் புகழ் பெற்றது. நூற்றாண்டுகளாகக் கால்பட்டுத் தேய்ந்த படிகள் அலை அலையாக மேலே ஏறிப்போகும். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. எவன்ஸ் ஒரு தேவாலயத்துக்குப் போனால் நாள் கணக்கில் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நவீன நாற்காலிகளும் எரிவாயு விளக்குகளும் பார்வையைக் கெடுத்தால், அங்குள்ள பெரியவர்களிடம் பேசி அவற்றை அகற்றச் சொல்வார்.

இங்கேதான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. 1900ல் அந்தத் தேவாலயத்தில் மக்கள் எப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்கள், எந்த விளக்கைக் கொளுத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு எவன்ஸின் படம் உதவாது. ஸ்டோனின் படம் உதவும். சுவரில் ஒட்டிய அறிவிப்பு, தூணில் சாத்திய துடைப்பம், பாதியில் நிற்கும் சாரம், எல்லாம் இருந்தபடியே இருந்தால்தான் அது ஆவணம். சர்வேக்காரர்கள் இதில் கண்டிப்பாக இருந்தார்கள். நெகட்டிவில் கைவைத்துத் திருத்தக்கூடாது, மேகம் சேர்க்கக்கூடாது, மென்மையாக்குகிறேன் என்று கலங்கலாக எடுக்கக்கூடாது. கலைப்படக்காரர்கள் இவர்களைத் தட்டையான ஆட்கள் என்று நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் ஸ்டோனின் பல படங்கள் தட்டையாகத்தான் இருக்கின்றன. எதிரே நின்று, நேராக, நடுவில் வைத்து எடுத்த படங்கள். ஒரு பத்துப் பார்த்தால் அலுத்துவிடும். ஆயிரம் பார்த்தால் அலுப்பு போய் வேறு ஏதோ தொற்றிக்கொள்கிறது. எவன்ஸின் படத்தைச் சுவரில் மாட்டுவேன். ஒரு கட்டடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றால் ஸ்டோனிடம்தான் போவேன்.

அதற்காக ஆவணப் படம் பொய் சொல்லாது என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஆபட்ஸ் ப்ரோம்லி என்ற கிராமம். அங்கே செப்டம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆறு பேர் ரெயின்டீர் கொம்புகளைச் சுமந்து ஊரெல்லாம் ஆடி வருவார்கள். மற்ற நாட்களில் கொம்புகள் ஊர்த் தேவாலயத்தில் தொங்கும். பின்னாளில் சோதித்ததில் அவை 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. ஸ்டோன் இந்த ஆட்டக்காரர்களை நிறுத்தி எடுத்த படம் புகழ்பெற்றது. கொம்பு ஏந்தியவர்கள், வில் பிடித்த பையன், கோமாளி, பெண் வேடமிட்ட ஆண் எல்லாரும் கேமராவைப் பார்த்து விறைப்பாக நிற்கிறார்கள். ஆட்டத்தின் படம், ஆனால் யாரும் ஆடவில்லை. ஓடுகிறதையும் ஆடுகிறதையும் சிறு கேமராவில் பிடிக்க அப்போதே வழி இருந்தது. பெரிய தகட்டில் துல்லியம் வேண்டும் என்றால் நிற்க வைத்துத்தான் ஆக வேண்டும். அது போகட்டும். அவர்கள் போட்டிருக்கும் பழங்கால உடுப்பு இருக்கிறதே, அது பழங்காலத்து உடுப்பே இல்லை. 1880களில் ஊர்ப் பாதிரியாரின் மனைவி முன்னின்று தைத்துக் கொடுத்தது. அதற்கு முன் அவர்கள் சாதாரண உடையில் நாடாத் துண்டுகளைக் குத்திக்கொண்டு ஆடியவர்கள். படம் எடுத்தபோது அந்த ‘மரபு’ உடைக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

படம் பொய்யா? இல்லை. 1900 வாக்கில் அந்த ஊரில் ஆட்டக்காரர்கள் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு அது அசல் சாட்சி. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளுக்குச் சாட்சி என்று நாம் எடுத்துக்கொண்டால் பிழை நம்முடையது. தேதியை எழுதி வைப்பது இதற்குத்தான்.

எதை எடுத்தார்கள் என்பதைவிட எதை எடுக்கவில்லை என்பது சில சமயம் அதிகம் பேசும். சர்வேப் படங்களில் தேவாலயங்கள் மலிந்து கிடக்கும். எழுத்துப் பொறித்த கல்லறைப் பலகைகள், ஞானஸ்நானத் தொட்டிகள், மரச்சட்டம் வைத்த பழைய வீடுகள், ஓலைக் கூரைக் குடிசைகள் எல்லாம் வரிசையாக வரும். பர்மிங்காமின் புகை கக்கும் ஆலைகளும் நெருக்கியடித்த தொழிலாளர் குடியிருப்புகளும் ஒப்பிட்டால் அரிது. இத்தனைக்கும் ஸ்டோன் ஆலை முதலாளி. எதிர்காலத்துக்குக் காட்ட வேண்டிய இங்கிலாந்து என்று அவர் மனசில் இருந்தது பச்சை வயலும் தேவாலய மணிக்கூண்டும் உள்ள இங்கிலாந்து. அந்த வயலை வாங்கும் பணம் எங்கிருந்து வந்ததோ அந்த இடம் ஆவணத்துக்கு உரியதாக அவருக்குத் தோன்றவில்லை. இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அழிவது எது என்று அவர் பயந்தாரோ அதை எடுத்தார். ஆலைகளும் ஒருநாள் அழியும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

நார்தாம்ப்டன்ஷயரில் கார்பி என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருபது வருஷத்துக்கு ஒருமுறை ஒரு திருவிழா. ஊர் எல்லையை மறித்து, வருகிறவர்களிடம் சுங்கம் கேட்பார்கள். கொடுக்காதவரைக் கழியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போய்த் தொழுமரத்தில் மாட்டிவிடுவார்கள். 1902ல் நடந்த விழாவை ஸ்டோன் படம் எடுத்தார். ஒடுங்கிய தெரு, தாழ்ந்த கூரைகள், ஒரு சின்னக் கிராமம். 1930களில் அங்கே பெரிய இரும்பாலை வந்தது. கிராமம் தொழில்நகரமாகிப் பழைய முகம் போயே போய்விட்டது. 1980 வாக்கில் அந்த ஆலையில் இரும்பு உருக்குவதும் நின்றது. விழா மட்டும் 2022லும் நடந்தது.

கவென்ட்ரியின் கதை இதைவிடக் கொடியது. அந்த நகரமும் அன்று வார்விக்‌ஷயரில்தான் இருந்தது. அங்குள்ள புனித மைக்கேல் தேவாலயம் 1918ல் பேராலயமாக உயர்ந்தது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் அது எரிந்தது. வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டும் நின்றன, இன்றும் கூரை இல்லாமல் அப்படியேதான் நிற்கின்றன. குண்டுவீச்சுக் காலத்தில்தான் இங்கிலாந்துக்கு ஸ்டோனின் யோசனை மறுபடி உறைத்தது. எந்தக் கட்டடம் நாளைக்கு இருக்கும் என்று சொல்ல முடியாத நிலையில், தேசியக் கட்டடப் பதிவகம் என்று ஒன்றை அவசரமாக ஏற்படுத்தி, படங்களைத் தேடிச் சேர்க்கவும் புதிதாக எடுக்கவும் தொடங்கினார்கள். அதன் வாரிசு இன்று ஸ்விண்டனில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆவணக் காப்பகமாக இருக்கிறது. முன்பு ஆர்வலர்கள் சைக்கிளில் போய்ச் செய்த வேலையை அரசாங்கம் கையில் எடுக்க ஒரு உலகப் போர் தேவைப்பட்டது.

இதை எல்லாம் பார்க்க ஸ்டோன் இல்லை. 1914 ஜூலை 2ஆம் தேதி இறந்தார். பர்மிங்காமின் பெரும் தலைவர் ஜோசப் சேம்பர்லின் இறந்ததும் அதே நாள்தான். ஊர் யாருக்காக அழுதிருக்கும் என்று ஊகிப்பது சிரமமில்லை. ஒரு மாதத்தில் போரும் வந்துவிட்டது.

இந்தப் படங்களில் பல இன்று கணினியிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. பார்க்கப் போனால் ஒரு யோசனை சொல்கிறேன். படத்தின் நடுவில் இருக்கும் தேவாலயத்தை விட்டுவிட்டு ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். எடுத்தவர் கவனிக்காமலே உள்ளே வந்துவிட்டவை அங்கேதான் இருக்கும். வாசல்படியில் கிடக்கும் வாளி, சுவரில் பாதி கிழிந்த ஏல அறிவிப்பு, கூரையில் விழுந்த ஓட்டை. அப்புறம் பெரும்பாலும் ஒரு பையன் இருப்பான். முக்காலியும் கறுப்புத் துணியுமாக ஒரு ஆள் ஊருக்குள் வந்தால் எந்தப் பையன் வேடிக்கை பார்க்க வராமல் இருப்பான்? அசையாதே என்று சொல்லியிருப்பார்கள், அவனால் முடிந்திருக்காது. உடம்பு தெளிவாக இருக்கும், தலை மட்டும் கலங்கியிருக்கும். அட்டையில் தேவாலயத்தின் பெயர் இருக்கும், தேதி இருக்கும், எடுத்தவர் பெயர் இருக்கும். அவன் பெயரை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.